பத்துக்குப் பத்து அறையில் சீர்க் கட்டில்

அன்றைக்கு எங்கள் படுக்கையறைக்குள் நின்றவர்கள் நாலு பேர். நான். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன். அவன் கூட்டிக்கொண்டு வந்திருந்த, மரச்சாமான் கடையில் அறைகளுக்கு அளவெடுத்துப் படம் போட்டுக் கொடுக்கும் பெண். அப்புறம், சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்து, போகாமல் கதவோரமே நின்றுவிட்ட பக்கத்து வீட்டு அக்கா. யாருக்காக அறையைச் சரிபண்ண நினைத்தோமோ அவள் அங்கே இல்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேசன் முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், அதற்குள் படுக்கிற அறையை ஒழுங்கு பண்ணி வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இதை நான் மச்சினனிடம் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே இந்தப் பெண்ணோடு வந்து நிற்கிறான்.

அவள் கையில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கருவி இருந்தது. பொத்தானை அமுக்கினால் எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு விழும், இவள் கையில் எண் வந்துவிடும். சுவரைத் தொடாமலே அளவு. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்ததிலிருந்து கழுத்தில் இன்ச் டேப்போடு காலத்தை ஓட்டியவன். தொடாமல் எடுக்கிற அளவை எப்படி நம்புவது? அவள் ஹாலுக்குப் போன நேரம் பார்த்து என் டேப்பைப் போட்டு அளந்தேன். பத்தடிக்குப் பத்தடி. அவள் சொன்னதேதான். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அதற்கப்புறம்தான் எனக்குக் கவலை கூடியது. அளவில் ஏமாற்றவில்லை என்றால் வேறு எதிலோ ஏமாற்றப் போகிறாள்.

"ஏனுங்க அம்மணி, இதுக்கெல்லாம் சார்ஜ் எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

"சார்ஜ் இல்லீங்க அங்கிள். ஃப்ரீதான்."

"ஃப்ரீன்னா?"

"ஃப்ரீன்னா ஃப்ரீதானுங்க மச்சான்," என்று மச்சினன் குறுக்கே வந்தான். "ஒருத்தரு சும்மா செஞ்சாக்கூட பில்லு கேப்பீங்களாட்ட இருக்குது."

அவள் சும்மா அளக்கிறாள். இவன் சும்மா கூட்டிக்கொண்டு வருகிறான். இந்த இரண்டு சும்மாவுக்கும் நடுவில் என்னமோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அறையில் இருந்த சாமான்கள் இவை. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், இரும்பு பீரோ. அதையொட்டித் தெற்கே தலைமாடு வைத்து ஆறடி அகலத் தேக்குக் கட்டில். ஜன்னலுக்குக் கீழே என் மனைவியின் தையல் மெஷின். அதற்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டிரங்குப் பெட்டி. கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போனால் எதிர் மூலையில் பாத்ரூம் கதவு.

அந்தப் பெண் செல்போனில் படம் போட்டுக் காட்டினாள். படத்தில் எங்கள் அறை மேலிருந்து கூரையைப் பிய்த்துப் பார்த்த மாதிரி இருந்தது.

"ஆன்ட்டி வாக்கர்ல போகணும்னா கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் மூணடி வழியாச்சும் வேணுங்க அங்கிள். திரும்பற எடத்துல இன்னும் கொஞ்சம் சேத்தி வேணும். மெஷின், பெட்டி எல்லாம் வெளிய போயிடணும். அப்பவும் பத்தாதுங்க. ஒண்ணு பீரோ ஹாலுக்குப் போகணும். இல்லீன்னா கட்டில மாத்தணும்."

"பீரோவ ஹால்ல வெக்கறதாவது," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அவளை யாரும் கேட்கவில்லை. "வாரவன் போறவனெல்லாம் பாப்பான். கன்னி மூலைல இருக்கற பீரோவ நகத்துனா ஊட்ல காசு தங்குமுங்களா?"

"அப்ப கட்டில நான் எடுத்துட்டுப் போயிடறனுங்க மச்சான்," என்றான் மச்சினன். "அக்காளுக்கு ஒரு சிங்கிள் கட்டிலு வாங்கிப் போட்டுக்கலாம்."

அவன் அதைச் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறவன் கொஞ்சம் நிறுத்திச் சொல்வான். இவன் வீட்டிலிருந்தே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன் மாதிரி சொன்னான்.

அந்தக் கட்டில் என் மனைவிக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்தது. என் மாமனார் ஆனைமலைப் பக்கத்து மர டிப்போவில் தேக்கு எடுத்து, பொள்ளாச்சியில் ஆசாரி வைத்துச் செய்து, தெருவே பார்க்க லாரியில் கொண்டுவந்து இறக்கினார். தலைமாட்டுப் பலகையில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு அன்னம். எங்கள் பக்கத்தில் சீர் சாமான் பெண்ணோடு வரும். திரும்பிப் போவது ஒரே ஒரு சமயத்தில்தான். புருசனும் பெண்டாட்டியும் வேண்டாம் என்று தீர்த்துக்கொண்டு, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, கட்டில், பீரோ, அண்டா, குண்டா என்று எண்ணி வண்டியில் ஏற்றுகிறபோது. பெண்டாட்டி வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் கூடப்பிறந்தவன் வந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனால் தெருவில் என்ன பேசுவார்கள்? பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தில் அந்தப் பேச்சு அப்போதே எழுதியிருந்தது.

"என்னுங்க இது," என்று என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆளு ஆஸ்பத்திரீல, கட்டிலு வண்டீலயா?"

இன்னொன்றும் இருந்தது. மச்சினன் வால்பாறையில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அறை விடுகிறான். அங்கே எல்லாம் பழைய சாமானாக இருந்தால்தான் வாடகை அதிகமாம். பழைய கடிகாரம், பழைய நாற்காலி, பழைய விளக்கு என்று தேடித் தேடி வாங்கிப் போடுகிறான். போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கட்டில் காலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். தர்ப்பூசணியைத் தட்டுகிற மாதிரி. நான் சமையற்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ரோசனை பண்ணிச் சொல்றேன் மாப்ள," என்றேன்.

"ரோசனை பண்றதுக்கு என்னங்க இருக்குது? அடுத்த வாரம் அக்கா வந்துரும்."

"அதான் சொல்றனல்லோ."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் என்னைப் பார்த்ததும் புகார் சொன்னாள். "தண்ணியே குடிக்க மாட்டேங்கறாங்க சார். நீங்களாச்சும் சொல்லுங்க. இப்படியே இருந்தா வேற தொந்தரவு வந்துரும்."

அவள் போனதும் என் மனைவியிடம் கேட்டேன். "ஏன் புள்ள குடிக்க மாட்டீங்கற?"

"குடிச்சா கூப்புடோணும். கூப்புட்டா ஆரோ வந்து படுத்த எடத்துலயே சட்டி வெப்பாங்க. பக்கத்துப் பெட்டுக்காரி புருசன் அங்கயே உக்காந்திருக்கறான். நீங்களே சொல்லுங்க."

டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்தாள்.

"ரூமு ரெடிங்களா?" என்று கேட்டாள்.

"ஆயிட்டே இருக்குது."

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. ஊட்டுக்கு வந்தா ஒரு ஆளக் கூப்புடாம நானே எந்திரிச்சுப் பாத்ரூம் போயிட்டு வரோணும். அவ்வளவுதான். நீங்க எனக்குச் சட்டி தூக்கறதப் பாக்கறதுக்கு நான் அந்தக் கல்லு மேலயே போய்ச் சேந்திருக்கலாம்."

"வாயக் கழுவு," என்றேன்.

கட்டில் விசயத்தை அவளிடம் சொல்லவில்லை. தம்பி என்றால் அவளுக்கு உயிர். நான் அவனைச் சந்தேகப்படுகிறேன் என்று தெரிந்தால் அந்த நிலைமையிலும் எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு வருவாள்.

வீட்டுக்குத் திரும்பி அறை நடுவே நின்று பார்த்தேன். பத்துக்குப் பத்து. இதற்குள் இத்தனை சாமான் அடங்காது என்று ஒரு செல்போன் படம் சொல்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கட்டிங் டேபிளில் நான் செய்தது வேறு என்ன? துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று அட்டைகளைப் பரப்புவோம். ஒரு அட்டைக்கும் இன்னொரு அட்டைக்கும் நடுவில் விரல் இடம் விட்டாலும் அத்தனை அடுக்கிலும் அந்த விரல் அளவுத் துணி குப்பைக்குப் போகும். முதலாளி காலையில் வந்து கேட்கிற முதல் கேள்வியே வேஸ்ட் எவ்வளவு என்பதுதான். அவர் அப்படிக் கேட்டுக் கேட்டு, வெற்றிடத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் இருக்கிற இடத்தைப் பார்த்தால்கூட அங்கே ஒரு கை அட்டையைத் திருப்பி வைக்கலாமே என்று தோன்றும்.

பழைய காலண்டர் அட்டைகளை எடுத்து, ஓரடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, கட்டில், பீரோ, மெஷின், இரண்டு பெட்டி, மருந்து வைக்க ஒரு ஸ்டூல் எல்லாவற்றையும் வெட்டினேன். ஒரு தாளில் அறையைப் போட்டேன். அட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். மெஷினை ஒருக்களித்துத் திருப்பிக் கட்டிலின் கால்மாட்டு மூலைக்குள் செருகினேன். பெட்டிகளைப் பிரித்து ஒன்றைப் பீரோ பக்கத்திலும் இன்னொன்றை ஜன்னலுக்குக் கீழேயும் தள்ளினேன். ஸ்டூல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாம் அடங்கிவிட்டது. வேஸ்ட் என்று பார்த்தால் வாசலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் வளைந்து வளைந்து போகிற ஒரு சின்னப் பட்டைதான். அதைக்கூட இன்னும் ஒடுக்கியிருக்கலாம்.

அப்போதே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மூணடி, மூணடி என்று அவர்கள் சொன்னதெல்லாம் கட்டிலைக் கிளப்புவதற்கு. கடைக்காரிக்குப் புதுக் கட்டில் வியாபாரம், மச்சினனுக்குப் பழைய கட்டில். நடுவில் நான் ஏழாவது படித்த ஏமாளி.

யாரிடமும் அந்தத் தாளைக் காட்டவில்லை. காட்டினால் ஏதாவது நொட்டை சொல்லி மாற்றச் சொல்வார்கள். டெம்போ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து, தாளில் இருந்தபடியே சாமான்களை நகர்த்தி வைத்தேன். மச்சினன் போன் பண்ணினான். "ரூமெல்லாம் ரெடியாயிருச்சு மாப்ள. நீ அலைய வேண்டாம்," என்றேன்.  "சரிங்க மச்சான்," என்றான். அந்தச் 'சரி'யையும் நான் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நடை பழக்குகிறவர், கிளம்பும்போது என்னிடம் கேட்டார். "வீட்ல வழி இருக்குங்களா? வாக்கர் திரும்ப எடம் வேணும்."

"தாராளமா இருக்குதுங்க," என்றேன்.

மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினோம். பக்கத்து வீட்டு அக்கா ஆரத்தியோடு தயாராக நின்றாள். என் மனைவி வாக்கரை முன்னே வைத்து, காலை எடுத்து, வைத்து, எடுத்து, ஹாலைத் தாண்டி அறை வாசல் வரைக்கும் நன்றாக வந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னுங்க இது? குடோனுங்களா?"

"எல்லாம் அளந்து வெச்சிருக்குது. நீ வா."

வாக்கரை உள்ளே வைத்தாள். மெஷினுக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டது. நேராகப் போகவில்லை. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். ஒரு கால் டிரங்குப் பெட்டியில் இடித்தது. பின்னுக்கு இழுக்கலாம் என்றால் ஸ்டூல். நான் பின்னால் நின்று கை நீட்டினேன். எனக்கே போக வழியில்லை. ஆறடிக் கட்டில் மேல் ஏறித்தான் அவளிடம் போக முடிந்தது. கட்டில் மேல் முட்டி போட்டு நான், கீழே வாக்கருக்குள் அவள், வாசலில் ஆரத்தித் தட்டோடு பக்கத்து வீட்டு அக்கா.

"நெம்ப நல்லா அளந்திருக்கறீங்க," என்றாள் என் மனைவி. "பனியன் இங்க வந்து படுத்துக்கும். மனுசி எங்கீங்க நிக்கறது?"

அக்கா சிரித்துவிட்டாள். எனக்கு முகம் எரிந்தது. தாளில் நான் எல்லாச் சாமானுக்கும் அட்டை வெட்டியிருந்தேன். வாக்கருக்கு வெட்டவில்லை. அவளுக்கும் வெட்டவில்லை. கட்டிங் டேபிளில் துணிமேல் யாரும் நடப்பதில்லை.

மெஷினையும் பெட்டிகளையும் ஸ்டூலையும் ஹாலுக்குத் தள்ளினேன். அக்காவின் புருசன் வந்து கைகொடுத்தார். இப்போது வாக்கர் கால்மாடு வரைக்கும் போனது. அங்கே திரும்ப வேண்டும். பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. திறந்தால் கட்டில் காலின் உருண்டைக் குமிழில் இடித்துப் பாதியில் நின்றுவிடும். அந்தப் பாதி வழியில் வாக்கரைத் திருப்ப முடியவில்லை. கட்டிலை வாசல் பக்கம் தள்ளலாமென்றால் அறைக் கதவு திறக்காது. பீரோவைக் கன்னி மூலையிலிருந்து எடுக்கவும் மனம் வரவில்லை. அவள் மூன்று விதமாகத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் வாக்கர் கதவில் இடித்து நின்றது. "போதும், உக்காரு," என்றேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நான்தான் சட்டி வைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும் "கதவச் சாத்திட்டுப் போங்க" என்றாள். நான் அதைக் கழுவி வைத்துவிட்டு வந்து ராகிக் கஞ்சி கொடுத்தபோது, பசியில்லை என்றாள். அவள் யாரிடமோ போனில் பேசுகிற சத்தம் கேட்டது. நான் உள்ளே போனதும் வைத்துவிட்டாள்.  தம்பியிடம்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் வீட்டு முன்னால் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்பக்கம் காலி. முன்னால் மச்சினனும், கோட்டைமேட்டில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயும் உட்கார்ந்திருந்தார்கள். காலி வண்டி எதற்கென்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடிப்போய் கேட்டைச் சாத்தினேன்.

"என்ன மாப்ள, வண்டியோட?"

"கேட்டத் தொறங்க மச்சான்."

"எதுக்குன்னு சொல்லு."

"எதுக்குன்னா? கட்டிலுக்குத்தானுங்க."

"உங்கொப்பன் குடுத்த சீர நீ எப்படி எடுப்பே? உங்கக்காள நான் திருப்பி அனுப்பிப்போட்டனா? ஊர்ல அப்படித்தான் பேசோணும்னு ஆசையா உனக்கு? இல்ல, வால்பாறைல உன்ற பங்களாவுக்குக் கட்டிலு பத்தலியா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சுங்க இது? நான் கட்டிலுத் திருடனுங்களா?"

"பொங்கலுக்குத் தட்டிப் பாத்தீல்ல?"

"தட்டிப் பாத்தேன். கரையான் அரிச்சிருக்குதான்னு பாத்தேன். அதுக்கும் நீங்க பஞ்சாயத்து வெப்பீங்களா?"

பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது. பாய் வண்டியிலிருந்து இறங்காமல், வெற்றிலையை மடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க, நான் இங்கனயே இருக்கேன்" என்றார்.

அப்போது உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. ஆபரேசனுக்கு அப்புறம் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை.

"ஏனுங்க! அவன உள்ள உடுங்க. நாந்தான் வரச்சொன்னேன்!"

கேட்டைத் திறந்தேன். மூன்று பேரும் உள்ளே போனோம். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கட்டிலு வெளிய போகாது," என்றாள் என்னைப் பார்த்து. "உங்க பயம் எனக்குத் தெரியும். அதுக்காவ நான் சட்டீல உக்காந்துட்டு இருக்க முடியாது." பாயிடம் திரும்பினாள். "ஏனுங்க பாய், இத அறுத்துச் சின்னதாக்க முடியுமுங்களா?"

அறுப்பது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மச்சினனுக்கும் அது புதுசு என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் பாயைக் கூட்டி வந்தது கட்டிலைப் பிரித்துக் கொடுப்பதற்கு. இவள் சொல்வது வேறு.

பாய் சுற்றிவந்து பார்த்தார். "நீளச் சட்டத்த ஒண்ணும் பண்ண வேண்டாம். தலைமாடு, கால்மாடு ரெண்டையும் குறுக்க அறுத்து, ஒரு பக்கத்துக் கால உள்ள கொண்டாந்து சேத்துரலாம். எவ்வளவு அகலம் வேணுங்க?"

"மூணடி," என்றாள்.

"மூணடீல பொரண்டா விழுந்திருவே," என்றேன். "மூணரை."

"சீர்க் கட்டிலாச்சே அக்கா," என்றான் மச்சினன். "அப்பன் செஞ்சு குடுத்தது. அறுக்கறதுக்கு மனசு வருமா உனக்கு?"

"அப்பனுக்கு இடுப்பு ஒடஞ்சிருந்தா அவரே அறுத்திருப்பாரு கண்ணு. நீ மொதல்ல இந்தப் பக்கம் வா. என்னப் புடிச்சு அந்தச் சேர்ல உக்கார வை."

"அப்ப நான் எங்க படுக்கறது?" என்று கேட்டுவிட்டேன். அது அந்த இடத்தில் கேட்கிற கேள்வியில்லை.

"ஹால்ல பவானி ஜமக்காளம் இருக்குதல்லோ. விரிச்சுப் படுங்க. பக்கத்துல எவ்வளவு எடம் சும்மா கெடக்குதுன்னு அளந்துட்டே தூங்குங்க."

மச்சினன் சிரித்தான். பாயும் சிரித்தார். பாய் கட்டிலை அறை நடுவிலேயே கழற்றி, தலைமாட்டுப் பலகையை வாசலுக்குக் கொண்டுவந்து, முக்காலி மேல் வைத்தார். கோடு போடப் பென்சிலைத் தேடினார். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்கட்டி இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். "நீங்களே போடுங்கண்ணே," என்றார். இரண்டு அன்னத்துக்கும் நடுவில் கோடு விழாது. மூன்றரை என்றால் ஒரு அன்னம் முழுதாக நிற்கும், இன்னொன்றுக்குக் கழுத்தோடு அலகு போய்விடும். நான் டேப்பை வைத்து வைத்து எடுத்தேன். கடைசியில் பாயே கோடு போட்டார். மெஷின் ரம்பம் இரண்டு நிமிசம் கத்தியது. தேக்கு வாசனை தெரு வரைக்கும் போனது. காம்பவுண்டுக்கு மேலே இருந்த தலை, "அய்யய்யோ, அறுத்தே போட்டாங்களா" என்றது.

மதியத்துக்குள் கட்டில் மறுபடி நின்றது. பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரியும் இல்லை, எங்கள் பழைய கட்டில் மாதிரியும் இல்லை. கால்மாட்டுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில் நான் டேப்பைப் போட்டுப் பார்த்தேன். கதவு முழுதாகத் திறந்து சுவரைத் தொட்டது. மச்சினன் வரும்போதே வாங்கி வந்திருந்த கைப்பிடிக் கம்பிகளைப் பாய் பாத்ரூம் சுவரில் அடித்துக் கொடுத்தார்.

"எல்லாரும் ஹாலுக்குப் போங்க," என்றாள் என் மனைவி.

"நான் மட்டும் நிக்கறேன்."

"நீங்கதான் மொதல்ல போகோணும்."

ஹாலுக்கு வந்தோம். வாக்கரின் கால் தரையில் படுகிற சத்தம் வந்தது. ஒரு சத்தம், ஒரு இடைவெளி. இன்னொரு சத்தம். இடைவெளி நீண்டபோது நான் எழுந்தேன். மச்சினன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அப்புறம் கதவு சாத்துகிற சத்தம். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம். தாழ்ப்பாள் போடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருந்தார்கள். நான் ஓடிப்போய்க் கதவருகே நின்றேன்.

"அங்க என்னத்துக்கு நிக்கறீங்க?" என்று உள்ளேயிருந்து வந்தது. "மூச்சு உடற சத்தம் கேக்குது. போய் அவங்களுக்கு டீயப் போடுங்க."

டீ போட்டுக்கொண்டிருந்தபோது வாக்கரின் சத்தம் திரும்பி வந்தது.

மச்சினன் டீயைக் குடித்துவிட்டு, வாசலில் கிடந்த மிச்ச மரத்தைப் பார்த்தான். அரைகுறை அன்னம் இருந்த பலகை, கால்மாட்டுத் துண்டு, குறுக்குச் சட்டங்கள்.

"மச்சான், இத நான் எடுத்துட்டுப் போகட்டுங்களா? பங்களாவுல ஒரு அலமாரிக்கு ஆகும்."

பாருங்கள். நான் முதலிலிருந்தே சொன்னது இதுதானே? என் மனைவியைப் பார்த்தேன். "எடுத்துட்டுப் போகட்டுமுங்க. சீருதான் உள்ள நிக்குதல்லோ," என்றாள். அவர்கள் இருவரும் போனில் வேறு என்ன பேசியிருப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குட்டியானை அந்த மரத்தோடு கிளம்பியபோது அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சீர் உள்ளேதான் நிற்கிறது என்று சொல்லியிருப்பேன்.

இப்போது அவள் வாக்கர் இல்லாமல், கைத்தடியோடு நடக்கிறாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு சின்ன ஸ்டூல் போடலாமா என்று ஒருநாள் கேட்டேன். கைத்தடியைத் தூக்கிக் காட்டினாள்.

பாய்க்குக் கூலி, கைப்பிடிக் கம்பி, மூன்றரையடிக்குப் புது மெத்தை, வண்டி வாடகை எல்லாம் மச்சினனே கொடுத்துவிட்டான். பதினான்காயிரத்து எழுநூறு. மரத்தின் விலையை அதில் கழித்துக்கொள் என்றால், அது சீரை விற்ற மாதிரி ஆகிவிடும். அவன் செலவை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அது புதுசாகச் சீர் வாங்கிய மாதிரி ஆகிவிடும். அதனால் ஐயாயிரம் அனுப்பினேன். வாங்கிக்கொண்டான். மீதியை அவன் இதுவரைக்கும் கேட்கவில்லை. விசேசத்தில் பார்க்கிறபோதும் "அக்கா நடக்குதுங்களா மச்சான்?" என்றுதான் கேட்கிறான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதற்காகக் கேட்காமல் இருக்கிறான் என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஒன்பதாயிரத்து எழுநூறு ரூபாய்.